எப்சம் கம்பத்தின் வாரிசுகள்

எப்சம் டெர்பியில் ஓட ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புத்தான் உண்டு. மூன்று வயதில் ஓட வேண்டும். அந்த ஆண்டு ஜூன் தொடக்கத்துச் சனிக்கிழமையில் குளம்பில் சிறு காயம் இருந்தால்கூடப் போயிற்று; நான்கு வயதில் திரும்பி வந்து கேட்க முடியாது. ஆண் குதிரைகளும் ஓடலாம், பெண் குதிரைகளும் ஓடலாம். காயடித்த குதிரைக்கு மட்டும் இடமில்லை. இந்தக் கடைசி விதியை ஊன்றிப் பார்த்தால் பந்தயத்தின் உள்நோக்கம் விளங்கிவிடும். வாரிசு தர முடியாத குதிரை எத்தனை வேகமாக ஓடினாலும் டெர்பிக்கு அது வேண்டாம்.

டெர்பியின் பெருமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அரச குடும்பத்தையும் கோப்பையையும் பரிசுப் பணத்தையும் சொல்வார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றமே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் டெர்பி நாளன்று அவையை ஒத்திவைத்திருக்கிறது. எனக்கு அதைவிட வியப்பாக இருப்பது வேறொன்று. அந்தப் பெருமை எலும்பிலும் தசையிலும் மரபணுவிலும் இறங்கியிருக்கிறது. டெர்பியில் ஜெயித்த குதிரையைத் தேடி நாட்டின் மிகச் சிறந்த பெண் குதிரைகள் அனுப்பப்படும். தோற்றவற்றில் பலவற்றின் வம்சம் அத்தோடு தேய்ந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, சுமார் இரண்டரை நிமிடம் நடக்கும் ஒரு தேர்வு, இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் உயிரினத்தைச் செதுக்கி வந்திருக்கிறது. இத்தாலியில் குதிரை வளர்ப்பதையே வாழ்க்கையாகக் கொண்டிருந்த ஃபெதெரிகோ டெசியோவும் இப்படித்தான் கருதினார்: தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனம் உருவானதற்கு அறிஞர்களைக் காட்டிலும் எப்சமின் வெற்றிக் கம்பத்துக்கே அதிகம் கடன்பட்டிருக்கிறோம் என்பது அவர் எண்ணம். அவரைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

லண்டனுக்குத் தெற்கே, சர்ரே மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல் மேட்டுப் புல்வெளியில் இந்தப் பந்தயம் நடக்கிறது. 1779இல் பன்னிரண்டாம் டெர்பி பிரபு தன் நண்பர்களோடு சேர்ந்து மூன்று வயதுப் பெண் குதிரைகளுக்காக ஒரு பந்தயம் நடத்தினார். எப்சம் அருகே அவர் தங்கியிருந்த ஓக்ஸ் மாளிகையின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. அவருடைய குதிரைதான் ஜெயித்தது. மறு ஆண்டு ஆண் குதிரைகளும் கலந்துகொள்ளும் பந்தயம் ஒன்றைத் தொடங்கியபோது, அதற்கு டெர்பியின் பெயரை வைப்பதா, அவர் நண்பர் சர் சார்லஸ் பன்பரியின் பெயரை வைப்பதா என்று நாணயம் சுண்டிப் பார்த்ததாக ஒரு கதை உண்டு. பெயர் டெர்பிக்குப் போனது. 1780 மே 4 அன்று நடந்த முதல் பந்தயத்தின் வெற்றி பன்பரிக்குப் போனது. அவருடைய குதிரை டயோமெட்.

டயோமெட்டின் பிற்காலம் தனியாகச் சொல்லத் தக்கது. பொலிகுதிரையாக இங்கிலாந்தில் அது எடுபடவில்லை. ஆண்டுக்கு ஆண்டு மதிப்பு இறங்கி, 1798இல் வெறும் ஐம்பது கினிக்கு விற்கப்பட்டு அட்லாண்டிக் கடந்து வர்ஜீனியாவுக்குக் கப்பலேறியது. அப்போது அதற்கு வயது இருபத்தொன்று. குதிரைக்கு அது கிழப்பருவம். அங்கே போய்த்தான் அதன் வம்சம் தழைத்தது. சர் ஆர்ச்சி என்ற மகன் பிறந்தான். அந்த ஆண்வழியில் வந்த லெக்சிங்டன் அமெரிக்காவின் தலைசிறந்த பொலிகுதிரையாகப் பதினாறு ஆண்டுகள் இருந்தது. கம்பத்தருகே முதலில் வந்த குதிரையை நிபுணர்கள் ஒதுக்கினார்கள். கடைசியில் கம்பத்தின் தீர்ப்பே நின்றது.

முதல் நான்கு ஆண்டுகள் டெர்பி ஒரு மைல் பந்தயமாகத்தான் இருந்தது. 1784இல் ஒன்றரை மைலாக நீண்டது. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 2,420 மீட்டர். இந்தத் தூரம்தான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். ஒரே மூச்சில் பறந்து முடிக்க முடியாத அளவு நீளம். நிதானமாக ஓடி முடிக்க முடியாத அளவு குறைவு. வேகமும் தாங்குசக்தியும் ஓர் உடலில் சேர்ந்திருந்தால்தான் சரிப்படும்.

தூரத்தைவிடத் தடம் கொடியது. உலகின் பெரிய பந்தயத் தடங்கள் பலவும் தட்டையானவை. எப்சம் குதிரை லாடத்தின் வடிவில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. புறப்பட்ட இடத்திலிருந்து முதல் பாதியில் 40 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஏறி முடித்ததும் இறக்கம். அந்த இறக்கத்திலேயே, அதிவேகத்தில், டாட்டன்ஹாம் கார்னர் என்ற இடப்பக்க வளைவு. வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வந்தாலும் நிம்மதி இல்லை. தரை உள்வேலியை நோக்கிச் சரிந்திருக்கும். களைத்த குதிரை தன்னையறியாமல் அந்தப் பக்கம் நழுவும். கடைசி நூறு கஜத்தில் மறுபடி ஓர் ஏற்றம். ஏறத் தெரிந்த குதிரைக்கு இறங்கத் தெரியாமல் போகலாம். இறங்கத் தெரிந்ததற்குச் சரிவில் சமநிலை தவறலாம். நுரையீரல், கால், உட்செவி, மனத்துணிவு எல்லாவற்றையும் ஒரே வினாத்தாளில் கேட்பதுபோல இருக்கிறது இந்தத் தடம். வேறெங்கும் இப்படியொன்றை இன்று புதிதாக யாரும் கட்டமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அதுவே இதன் மதிப்பு.

இந்த இரண்டரை நிமிடத்தில் உடலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். லாயத்தில் நிற்கும்போது பந்தயக் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு முப்பது, நாற்பது முறை துடிக்கும். பாய்ச்சலில் 220ஐத் தாண்டி 240 வரை போகும். மனித இதயம் எவ்வளவு முயன்றாலும் ஓய்வுநிலையைப்போல மூன்று நான்கு மடங்குதான் வேகம் கூட்டும். குதிரையுடையது ஆறேழு மடங்கு கூட்டுகிறது. நான்கைந்து கிலோ எடையுள்ள அந்தத் தசைப்பை நிமிடத்துக்கு 250 லிட்டருக்கும் மேல் இரத்தத்தைத் தள்ளுகிறது.

அதைவிட அழகான ஏற்பாடு மண்ணீரலில் இருக்கிறது. குதிரையின் மண்ணீரல் ஒரு சேமிப்புக் கிடங்கு. உடலின் சிவப்பணுக்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அங்கே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஓடப்போகிறோம் என்று உணர்ந்து அட்ரினலின் சுரந்ததும் மண்ணீரல் சுருங்கி அத்தனையையும் இரத்தக் குழாய்களில் கொட்டிவிடும். சாதாரணமாக இரத்தத்தில் நாற்பது சதவீதம் அளவில் இருக்கும் சிவப்பணுக்கள் அறுபது சதவீதத்தைத் தாண்டும். விளையாட்டு வீரர்கள் ஊசி வழியாக இரத்தம் ஏற்றிக்கொண்டு தடைக்கு ஆளாகும் அதே காரியத்தை, குதிரையின் உடல் தானே, ஒவ்வோர் ஓட்டத்திலும் செய்துகொள்கிறது. ஒரு கிலோ எடைக்கு அதனால் பயன்படுத்த முடிகிற ஆக்சிஜன், உலகத்தரமான மனித ஓட்டக்காரருக்குச் சாத்தியமானதைப்போல இரண்டு மடங்கு.

மூச்சின் கதை இன்னும் விசித்திரமானது. குதிரையால் வாய்வழியே மூச்சுவிட முடியாது, மூக்கு மட்டும்தான். பாய்ச்சலில் அதன் மூச்சும் காலடியும் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு. முன்னங்கால்கள் தரையில் ஊன்றி எடை முன்னே விழும்போது காற்று வெளியேறுகிறது. உடல் எழும்பும்போது உள்ளே வருகிறது. டெர்பித் தூரத்தை ஒரு குதிரை ஏறக்குறைய 350 பாய்ச்சலில் கடக்கும் என்றால், அது அத்தனை மூச்சுதான் விடுகிறது. கூட ஒன்று வேண்டும் என்றாலும் கிடைக்காது.

கால்களோ, இயற்கை எடுத்த துணிச்சலான பந்தயம். முழங்காலுக்குக் கீழே தசை என்று சொல்ல ஒன்றும் இல்லை, எலும்பும் தசைநாண்களும்தான். எடை குறைவாக இருப்பதால் காலை வேகமாக வீச முடிகிறது. ஊன்றும்போது நீண்டு, எடுக்கும்போது சுருங்கி, தசைநாண்கள் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகின்றன. ஆனால் வேகத்தின் உச்சத்தில் ஒற்றைக் காலில் விழும் சுமை உடல் எடையைப்போல இரண்டரை மடங்கு. ஒரு டன்னுக்கும் அதிகம். தசைநாணின் உட்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாவதை அளந்திருக்கிறார்கள். அதில் வாழும் செல்களுக்கு அது எல்லைக்கோடு. பந்தயக் குதிரைகளின் கால் முறிவதும் தசைநாண் அறுவதும் தற்செயல் அல்ல. வேகத்துக்காகவே தேர்ந்தெடுத்த உடல் தன் எல்லையிலேயே வாழ்கிறது. இதை மறைத்துவிட்டு இந்த விளையாட்டை வியப்பது நேர்மையாகாது.

இத்தனை நூற்றாண்டுகள் கண்முன்னே ஓடியும், குதிரை எப்படி ஓடுகிறது என்று மனிதருக்குத் தெரியாமலே இருந்தது. 1821இல் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ எப்சம் டெர்பியை வரைந்தார். அந்த ஓவியம் இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் குதிரைகள் முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களைப் பின்னும் நீட்டியபடி, தரையைத் தொடாமல் மிதக்கின்றன. கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். 1878இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் கேமராக்களை வரிசையாக நிறுத்தி சாலி கார்ட்னர் என்ற பெண் குதிரையைப் படமெடுத்தபோதுதான் உண்மை வெளிவந்தது. நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணம் ஒன்று உண்டு. ஆனால் அந்தக் கணத்தில் கால்கள் நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்கடியில் மடிந்து கூடியிருந்தன. 1896 டெர்பியில் இளவரசர் எட்வர்டின் பெர்சிமன் ஜெயித்ததை ராபர்ட் பால் திரைப்படச் சுருளில் பதிந்து, மறுநாளே லண்டனில் காட்டினார். செய்தித் திரைப்படத்தின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று.

திரைப்படக் கேமராதான் 1913இல், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய எமிலி டேவிசன் டாட்டன்ஹாம் கார்னரில் தடத்துக்குள் இறங்கி, அரசரின் குதிரை ஆன்மர் மோதி விழுந்ததையும் பதிவு செய்தது. நான்கு நாள் கழித்து அவர் இறந்தார். நாடே கண் வைத்திருக்கும் இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவு பெருமை இருக்கும் இடத்தில் ஏமாற்று இல்லாமல் இருக்குமா? 1844 டெர்பியில் ரன்னிங் ரெய்ன் என்ற குதிரை முதலில் வந்தது. அது உண்மையில் மக்காபியஸ் என்ற நான்கு வயதுக் குதிரை என்று புகார் எழுந்தது. மூன்று வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையே வலுவில் பெரும் வித்தியாசம் உண்டு. பள்ளிப் பையன்களோடு கல்லூரி இளைஞனை ஓடவிட்டால் என்ன ஆகுமோ அதுதான். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. குதிரையைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார் நீதிபதி. குதிரை மாயமாகிவிட்டிருந்தது. வெற்றி ஆர்லாண்டோவுக்கு வழங்கப்பட்டது.

நீதிபதி குதிரையைக் கேட்டது அதன் வாயைப் பார்க்கத்தான். குதிரைக்கு முன்பற்கள் மேலே ஆறு, கீழே ஆறு. பால்பற்கள் ஒழுங்கான காலக்கணக்கில் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைக்கும். நடு ஜோடி இரண்டரை வயதில், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நான்கரையில். ஆகவே டெர்பிப் பருவத்தில் மூன்று வயதுக் குதிரைக்கு ஒவ்வொரு தாடையிலும் ஒரு ஜோடி நிரந்தரப் பல் இருக்கும். நான்கு வயதுக் குதிரைக்கு இரண்டு ஜோடி. காகிதத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், ஈறில் எழுதியதை மாற்ற முடியாது. அதே பந்தயத்தில் கால் முறிந்து கொல்லப்பட்ட லியாண்டரைத் தோண்டி எடுத்துப் பல்லைப் பார்த்தபோது, அதற்கும் நான்கு வயது என்ற முடிவுக்கு வந்தார்கள். இன்று ஒவ்வொரு தரோபிரெட் குட்டிக்கும் மரபணுச் சோதனையில் பெற்றோர் உறுதிசெய்யப்பட்டு, கழுத்தில் மைக்ரோசிப் பொருத்தப்படுகிறது.

வயதைப் பற்றி இன்னொன்று. வட அரைக்கோளத்தில் எல்லாத் தரோபிரெட்டுகளுக்கும் பிறந்தநாள் ஜனவரி 1தான். மே மாதம் பிறந்த குட்டியும் ஜனவரியில் பிறந்த குட்டியும் ஒரே வயதாகவே கணக்கில் வரும். அதனால் ஜனவரி, பிப்ரவரியில் குட்டி ஈன வைக்க வளர்ப்பவர்கள் பாடுபடுகிறார்கள். பதினோரு மாதச் சினை. பகல் நீளும் வசந்தத்தில்தான் பெண் குதிரைக்குப் பருவம் வரும். ஆகவே குளிர்காலத்திலேயே லாயத்தில் இரவிலும் விளக்கெரித்து, ஒரு நாளில் பதினாறு மணி நேர வெளிச்சம் காட்டி, அதன் மூளைக்கு வசந்தம் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஒரு விதிமுறை விலங்கின் பருவகாலத்தையே முன்னே இழுத்துவிட்டது.

இனி வம்சத்துக்கு வருவோம். தரோபிரெட் என்பது மிக இளைய இனம். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலும் பதினெட்டின் தொடக்கத்திலும் கிழக்கிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ஆண் குதிரைகளும் அங்கிருந்த பெண் குதிரைகளும் சேர்ந்து உருவானது. பைர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் என்ற மூன்று ஆண் குதிரைகளின் ஆண்வழி மட்டுமே இன்றுவரை தொடர்கிறது. 1791இல் வெதர்பி குடும்பம் வம்சப் பதிவேட்டைத் தொடங்கியபின் கதவு ஏறக்குறைய மூடப்பட்டுவிட்டது.

அலெப்போவில் வாங்கப்பட்டு 1704இல் யார்க்ஷயர் வந்து சேர்ந்த டார்லி அரேபியனின் எள்ளுப்பேரன் எக்ளிப்ஸ். 1764 ஏப்ரல் 1 அன்று நிகழ்ந்த சூரிய கிரகணத்தின்போது பிறந்ததால் அந்தப் பெயர். ஓடிய பதினெட்டுப் பந்தயத்திலும் தோல்வியே காணாதது. டெர்பி தொடங்குவதற்கு முன்பே அது ஓய்வுபெற்றுவிட்டது. ஆனால் அதன் மகன்கள் 1781, 1783, 1784 டெர்பிகளை வென்றார்கள். 1789இல் அது இறந்ததும் உடலை அறுத்து ஆராய்ந்தார்கள். எலும்புக்கூடு இன்றும் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியில் நிற்கிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் பேட்ரிக் கன்னிங்ஹாமும் குழுவும் 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, இன்றைய தரோபிரெட்டுகளின் ஆண்வழியில் 95 சதவீதம் டார்லி அரேபியன் என்ற ஒற்றைக் குதிரையில் போய் முடிகிறது. மொத்த மரபணுக்களில் 78 சதவீதம் வெறும் முப்பது மூதாதைகளிடமிருந்து வந்தது.

டப்ளினிலேயே எம்மலின் ஹில் குழுவினர் 2010இல் வேறொரு முடிச்சை அவிழ்த்தார்கள். தசை எவ்வளவு வளரலாம் என்று கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். சி என்ற வடிவம் இரட்டையாக இருந்தால் குதிரை சீக்கிரம் திரண்டு குறுந்தூரத்தில் சீறும். டி இரட்டையாக இருந்தால் நெடுந்தூரம் தாங்கும். இரண்டும் கலந்தால் நடுத்தூரம். சி வடிவம் எங்கிருந்து வந்தது என்று தேட, 593 குதிரைகளோடு, 1764 முதல் 1930 வரை பிறந்த பன்னிரண்டு புகழ்பெற்ற பொலிகுதிரைகளின் அருங்காட்சியக எச்சங்களையும் சோதித்தார்கள். விடை யாரும் எதிர்பாராதது. இனம் உருவான காலத்தில் பிரிட்டனிலேயே பிறந்த, பெயர் தெரியாத ஒரு பெண் குதிரையிடமிருந்து அது ஒரே ஒரு முறை உள்ளே வந்திருக்கிறது. அரேபியாவின் காற்று என்று பாடப்பட்ட வேகத்தில் ஒரு பங்கு, உள்ளூர்த் தாய் ஒருத்தியின் கொடை. பெயர்களெல்லாம் ஆண் குதிரைகளுக்கே வழங்கப்பட்ட வரலாற்றில் இதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தச் சி வடிவம் நூற்றாண்டுகள் அரிதாகவே கிடந்து, 1954இல் பிறந்த நியர்க்டிக் என்ற குதிரை வழியாகப் பரவியது. நியர்க்டிக்கின் தந்தை நியர்கோ. நியர்கோவை வளர்த்தவர் டெசியோ! நியர்க்டிக்கின் மகன் நார்தர்ன் டான்சர் கனடாவில் பிறந்து கென்டக்கி டெர்பியை வென்றது. அதன் மகன்கள் நிஜின்ஸ்கி 1970இலும், மின்ஸ்ட்ரல் 1977இலும், செக்ரெட்டோ 1984இலும் எப்சமில் ஜெயித்தார்கள். நார்தர்ன் டான்சரின் பேரன் கலிலியோ 2001 டெர்பியை வென்று, பிறகு ஐந்து டெர்பி வெற்றியாளர்களுக்குத் தந்தையானது. எந்தப் பொலிகுதிரையும் அதற்குமுன் எட்டாத எண்ணிக்கை அது.

எப்சமின் அளவுகோல் உலகமெங்கும் போயிருக்கிறது. 1932இல் தொடங்கிய ஜப்பான் டெர்பியும், 1943 முதல் மும்பை மகாலட்சுமியில் நடக்கும் இந்தியன் டெர்பியும் 2,400 மீட்டர்தான். எப்சமுக்கும் ஓர் இந்திய வெற்றி உண்டு: 1934இல் ராஜ்பிப்ளா மகாராஜா விஜயசிம்மரின் வின்ட்சர் லாட் அங்கே ஜெயித்தது. மறுபுறம், தன் வாழ்நாளெல்லாம் குதிரைகளை நேசித்த இரண்டாம் எலிசபெத் அரசிக்கு டெர்பி கிட்டவே இல்லை. 1953இல் முடிசூட்டிக்கொண்ட சில நாட்களில் அவருடைய ஆரியோல் இரண்டாவதாக வந்தது. அதுதான் மிக அருகில் வந்தது.

இத்தனை கவனமாகத் தேர்ந்தும் குதிரைகள் தொடர்ந்து வேகம் கூடிக்கொண்டே போகின்றனவா? 1936இல் மஹ்மூத் இரண்டு நிமிடம் 33.8 வினாடியில் ஓடி ஏற்படுத்திய சாதனை ஐம்பத்தொன்பது ஆண்டுகள் நின்றது. 1995இல் லாம்டாரா 32.31 வினாடிக்குக் கொண்டுவந்தது. 2010இல் வொர்க்ஃபோர்ஸ் 31.33. முக்கால் நூற்றாண்டில் இரண்டரை வினாடி. நடுவே லாடம், தீவனம், பயிற்சி, மருத்துவம் எல்லாம் மாறியிருந்தன. இதற்கு மாறாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜாக்கிகள் நிமிர்ந்து உட்காருவதை விட்டு, குட்டையான அங்கவடியில் குந்தி முன்னே வளையத் தொடங்கியபோது, சில ஆண்டுகளிலேயே பந்தய நேரங்கள் ஐந்து முதல் ஏழு சதவீதம் குறைந்தன. ஜாக்கியின் உடல் குதிரையோடு சேர்ந்து குலுங்காமல் மிதப்பதால் குதிரைக்குச் சுமக்கும் வேலை குறைகிறது என்று 2009இல் லண்டன் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். மனிதன் குந்தியதில் கிடைத்த லாபத்தைப் பல தலைமுறை வளர்ப்பு தர முடியவில்லை.

இனம் தன் உச்சத்தைத் தொட்டுவிட்டதா என்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள்; குறுந்தூரத்தில் முன்னேற்றம் இன்னும் இருக்கிறது என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. எனக்குக் கவலை தருவது வேறு. செயற்கைக் கருவூட்டல் தரோபிரெட்டில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. இயற்கையான இணைவு மட்டுமே செல்லும். அப்படியிருந்தும் புகழ்பெற்ற பொலிகுதிரை ஒரு பருவத்தில் நூற்றுக்கும் அதிகமான பெண் குதிரைகளோடு சேர்க்கப்படுகிறது. உள்ளினப்பெருக்கம் கடந்த ஐம்பது ஆண்டுகளில் கூடியிருக்கிறது என்பதை மரபணு ஆய்வுகள் காட்டிவிட்டன. நெருங்கிய உறவில் பிறந்த குதிரைகள் பந்தயத்தில் இறங்கும் வாய்ப்பே குறைகிறது. 2020இல் அமெரிக்க ஜாக்கி கிளப் ஒரு பொலிகுதிரைக்கு ஆண்டுக்கு 140 பெண் குதிரைகள் என்று வரம்பு கட்டியது. பொலிகுதிரைப் பண்ணைகள் வழக்குத் தொடுத்தன; கென்டக்கி சட்டமன்றம் எதிர்த்தது; 2022இல் வரம்பு திரும்பப் பெறப்பட்டது. அந்த வரம்பு மீண்டும் வர வேண்டும், அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் சேர்த்து. மரபணுக்களில் பெரும்பகுதியை முப்பதே மூதாதைகளிடமிருந்து பெற்ற ஓர் இனத்துக்கு இன்னும் குறுக இடமில்லை.